விழுந்தா விழட்டும்!

இன்னைக்கு நான் சொல்லப்போறது, கை நழுவிய ரெண்டு துப்பாக்கிகளோட கதை.

1876 ஜனவரி. அமெரிக்காவின் விச்சிட்டா நகரம். வையட் எர்ப்ங்கிற போலீஸ்காரர் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பு உறையிலிருந்து ரிவால்வர் நழுவி விழுகிறது, வெடிக்கிறது. குண்டு அவர் கோட்டைத் துளைத்துக் கூரைக்குப் போகிறது.

அந்தக் கால ரிவால்வர்களில் ஹேமர் தோட்டாமேலேயே படிந்திருக்கும். அதில் ஒரு அடி விழுந்தா போதும். அதனால் விவரமானவர்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, ஹேமருக்குக் கீழே இருக்கிறதைக் காலியா விடுவாங்க.

1973-ல் ரூகர் நிறுவனம், ட்ரிகரை இழுத்தால் மட்டுமே அடி தோட்டாவுக்குப் போகிற மாதிரி தன் ரிவால்வர்களை மாற்றியது. இன்றைய பிஸ்டல்கள் பெரும்பாலும் கீழே விழுந்தாலும் வெடிக்காதபடிதான் வடிவமைக்கப்படுகின்றன.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? 2008, நியூயார்க் கிளப். அமெரிக்க ஃபுட்பால் வீரர் பிளாக்சிகோ பரஸ், உறையில்லாம இடுப்பில் செருகியிருந்த பிஸ்டல் நழுவுது. பிடிக்கப் போறார். விரல் ட்ரிகரில் பட்டு, குண்டு அவர் தொடையிலேயே பாய்ந்தது. அங்கே உரிமம் இல்லாததால் ரெண்டு வருட சிறைத்தண்டனை வேற.

எர்ப்போட துப்பாக்கியை வெடிக்க வெச்சது விழுந்த அதிர்ச்சி. பரஸோடதை வெடிக்க வெச்சது அவர் கை. அதனால்தான் மறைத்து எடுத்துப்போறவங்களுக்கு இன்னைக்குச் சொல்லித்தர்ற பாடம்: ட்ரிகரை முழுசா மூடுற உறை வேணும். நழுவினா பிடிக்காதே, விழட்டும்.