எபிரஸ் மலைநாட்டுக் கற்பாலங்கள்

எபிரஸ் மலைநாட்டுக் கற்பாலங்கள் என்பவை, கிரேக்க நாட்டின் வடமேற்கு மூலையில் பிண்டஸ் மலைத்தொடரை அடுத்துள்ள எபிரஸ் பிரதேசத்தில், ஓட்டோமன் துருக்கியரின் ஆட்சிக்காலத்தில், சிறப்பாக 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், ஊர்மக்களின் பொருளாலும் தனவந்தரின் உபயத்தாலும் நாட்டுக் கொத்தர்களின் கைத்திறத்தாலும் எழுந்த வளைவுப் பாலங்களாம். இவற்றுட் பல இன்று எந்த ஊரையும் எந்த ஊரோடும் இணைக்காமல், வழக்கொழிந்த பாதைகளின் நடுவே தனித்து நிற்கின்றன.

அராக்தோஸ், ஆவோஸ், வோய்டோமாட்டிஸ் முதலிய ஆறுகள் இம்மலைநாட்டைப் பிளந்துகொண்டு ஆழ்ந்த பள்ளத்தாக்குகளின் வழியே ஓடுகின்றன. கோடையில் முழங்காலளவு நீருடன் கூழாங்கற்களின் மேல் தவழும் ஓடைகள், மாரிக்காலத்திலும் பனி உருகும் பருவத்திலும் கரை புரண்டு, மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வரும். மரப்பாலங்கள் சில பருவங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. தானியம் ஏற்றிய கோவேறு கழுதைகளும், பருவந்தோறும் மலைக்கும் சமவெளிக்கும் மாறிச் செல்லும் ஆட்டு மந்தைகளும், பிழைப்புத் தேடிப் புறப்பட்ட ஆடவரும் இவ்வாறுகளைக் கடந்தாக வேண்டியிருந்தமையால், கற்பாலம் என்பது இந்நாட்டு மக்களுக்கு ஆடம்பரமன்று, ஜீவாதாரமாகவே இருந்தது.

1430-இல் யானினா நகரம் துருக்கியர் வசமான பின்னரும், அதற்கு வடக்கே 46 சிற்றூர்களைக் கொண்ட ஸாகோரி என்னும் மலைநாடு ஓரளவு தன்னாட்சியும் வரிச்சலுகையும் பெற்று வாழ்ந்தது. விளைநிலம் குறைந்த அந்த ஊர்களிலிருந்து ஆடவர் கான்ஸ்டான்டினோபிளுக்கும் ருமேனிய நாடுகளுக்கும் சென்று வாணிகத்தில் பொருளீட்டினர். ஈட்டிய பொருளில் ஒரு பங்கைப் பிறந்த மண்ணில் பள்ளியாகவும் கோயிலாகவும் பாலமாகவும் மாற்றினர். ஆகவேதான் இப்பாலங்கள் பெரும்பாலும் உபயகாரரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. விட்சாவையும் கூகூலியையும் இணைத்த பழம்பாதையில் உள்ள மிசியோஸ் பாலம் 1748-இலும், கீப்பி என்னும் ஊரையடுத்துச் செங்குத்தான பாறைகளுக்கிடையே ஒற்றை வளைவாக எழும் நூட்சோஸ் பாலம் 1750-இலும் கட்டப்பெற்றன. அதே கீப்பிக்கு அருகில், மரப்பாலம் இருந்த இடத்தில், மூன்று கண்களுடைய கற்பாலம் ஒன்றை 1814-இல் ஒரு மடத்துத் தலைவர் எழுப்பினார். அதனை 1866-இல் பிளாகிடாஸ் குடும்பத்தார் செப்பனிட்டனர். அதனால் துறவியின் பாலம் என்றும் பிளாகிடாஸ் பாலம் என்றும் அதற்கு இரு பெயர்கள் வழங்குகின்றன.

பொருள் கொடுத்தவரின் பெயர் நிலைத்த அளவுக்குக் கல் அடுக்கியவரின் பெயர் நிலைக்கவில்லை. கோனிட்சா நகரைச் சூழ்ந்த பிர்சோயானி முதலிய ஊர்களும், தெற்கே ஸுமெர்கா மலையடிவாரத்துப் பிரமந்தா முதலிய ஊர்களும் பரம்பரைக் கொத்தர்களின் ஊர்கள். தலைமைக் கொத்தர் ஒருவரின் கீழ், கல் உடைப்போர், தச்சர், காரை குழைக்கும் சிறுவர் என்று குழு குழுவாக அவர்கள் வசந்தத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, இலையுதிர் காலத்தில் திரும்புவர். தொழில் இரகசியங்களைப் பிறர் அறியாதபடி தமக்குள் பேசிக்கொள்ளத் தனிக் குழூஉக்குறி மொழி ஒன்றையும் வைத்திருந்தனர். வரைபடமோ கணித நூலோ இன்றி, தந்தையின் அருகில் நின்று மகன் கற்ற வித்தை அது.

நிர்மாண முறை கருதத்தக்கது. ஆறு குறுகி, இருகரையிலும் பாறை வெளிப்பட்டிருக்கும் இடமே தேர்ந்தெடுக்கப்படும். நீர் வற்றிய கோடையில் பாறையின்மேல் அடிமானம் இட்டு, வளைவின் வடிவத்திலேயே வலிய மரச்சாரம் கட்டுவர். பின்னர், இரு கரைகளினின்றும் ஒரே காலத்தில், மெல்லிய பலகைபோல் உடைத்த சுண்ணாம்புப் பாறைக் கற்களை விளிம்பில் நிறுத்தி, ஒன்றையொன்று நெருக்குமாறு அடுக்கிக்கொண்டே மேலேறி, உச்சியில் பூட்டுக்கல்லை இறுக்குவர். சுண்ணாம்போடு ஓட்டுப்பொடி சேர்த்துக் குழைத்த காரை, நம் நாட்டுச் சுர்க்கிக் காரையை ஒத்தது, ஈரத்திலும் இறுகவல்லது. காரை இறுகியபின் சாரத்தை அவிழ்ப்பர். கற்கள் தம் எடையாலேயே ஒன்றையொன்று தாங்கத் தொடங்கும் அத்தருணமே கொத்தரின் தேர்வு.

பாலத்தின் மேற்பரப்பும் உற்றுநோக்கத் தக்கதே. வளைவு உயர்ந்திருப்பதால் பாதை கூன்முதுகாக ஏறி இறங்கும். ஆகையால் சிறு கற்களைச் செங்குத்தாகப் பதித்துத் தளம் பாவி, சில அடிகளுக்கு ஒருமுறை குறுக்கே ஒரு வரிசைக் கல்லைச் சற்றே உயர்த்தி, கழுதையின் குளம்பு வழுக்காமல் ஊன்றிக்கொள்ள வழி செய்துள்ளனர். ஓரங்களில் தொடர்ச்சியான சுவரின்றி, இடைவெளி விட்டு நட்ட குத்துக்கற்களே காவல். பெரிய பாலங்களின் பக்கங்களில் சுமையைக் குறைக்கவும் வெள்ளநீர் புகுந்து செல்லவும் சிறு வளைவுகளைத் திறந்து விட்டிருக்கின்றனர்.

இத்தொழிலின் அபாயம் கதைகளிலும் படிந்துள்ளது. அராக்தோஸ் ஆற்றின்மேல் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய உருவம் பெற்ற ஆர்ட்டா பாலத்தைப் பற்றிய நாட்டுப்பாடல், பகலிற் கட்டியது இரவில் இடிந்துகொண்டே இருந்ததாகவும், தலைமைக் கொத்தர் தம் மனைவியையே அடிமானத்தில் பலி வைத்த பின்னரே பாலம் நிலைத்ததாகவும் கூறுகிறது. இப்பாடலின் வடிவங்கள் பால்கன் நாடுகளெங்கும் வழங்குகின்றன.

அதே ஆற்றின் மேற்பகுதியில் உள்ள பிளாகா பாலத்தின் சரித்திரம் அக்கதையை நினைவூட்டவல்லது. முன்னிருந்த பாலம் 1860-இல் வீழ்ந்தது. 1863-இல் எழுப்பிய பாலம் திறப்பு நாளன்றே இடிந்தது. 1866-இல் பிரமந்தாவைச் சேர்ந்த கோஸ்டாஸ் பேகாஸ் என்னும் கொத்தர், ஏறத்தாழ 40 மீட்டர் அகலமுள்ள ஒற்றைக்கண்ணில் மூன்றாம் பாலத்தை நிலைநிறுத்தினார். 1881 முதல் பால்கன் போர்க்காலம் வரையில் கிரேக்க இராச்சியத்துக்கும் ஓட்டோமன் இராச்சியத்துக்கும் எல்லையாகவும், 1944 பிப்ரவரியில் கிரேக்க எதிர்ப்புப் படைகளிடையே உடன்படிக்கை ஏற்பட்ட இடமாகவும் அது பெயர்பெற்றது. இதற்கு இணையானது, ஆவோஸ் ஆற்றின்மேல் 1870–71-இல் ஸியோகாஸ் ஃபிரான்ட்ஸோஸ் என்னும் பிர்சோயானிக் கொத்தர் கட்டிய கோனிட்சா பாலம். அதன் வளைவின் அடியில் தொங்கும் மணி, பெருங்காற்று வீசும்போது ஒலித்து, பாலத்தைக் கடப்பது அபாயம் என்று பிரயாணிகளை எச்சரித்து வந்தது.

20-ஆம் நூற்றாண்டில் இப்பாலங்கள் கைவிடப்பட்டதற்குக் காரணம் அவற்றின் பலவீனமன்று. 1940 முதல் 1949 வரை அடுத்தடுத்து வந்த அந்நியப் படையெடுப்பும் உள்நாட்டுப் போரும் மலையூர்களை வெறுமையாக்கின. எஞ்சியவருட் பலர் ஏதென்ஸுக்கும் ஜெர்மனிக்கும் கடல்கடந்தும் குடிபெயர்ந்தனர். மோட்டார் சாலைகள் வேறு தடத்தில் சென்றன. அவற்றுக்குக் கான்கிரீட் பாலங்கள் எழுந்தன. நடப்பவர் இல்லாமற் போகவே, பெயர்ந்த கல்லை மீளப் பொருத்தவும், பிளவில் முளைத்த செடியைக் களையவும், வெள்ளம் அரித்த அடிமானத்தைப் பார்க்கவும் ஆளில்லாமற் போயிற்று.

அதன் விளைவை உலகம் 2015 பிப்ரவரி 1-ஆம் நாள் கண்டது. அன்று பெருகிய வெள்ளத்தில் பிளாகா பாலத்தின் பெருவளைவு வீழ்ந்தது. கிரேக்க மக்கள் அதனை ஒரு தேசிய இழப்பாகவே கருதினர். ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பழைய ஒளிப்படங்களையும் அளவுகளையும் திரட்டி ஆராய்ந்தனர். ஆற்றில் கிடந்த கற்கள் சேகரிக்கப்பட்டன. மீண்டும் மரச்சாரம் அமைத்து, கல்மேல் கல்லாக அடுக்கி, 2020 வாக்கில் திருப்பணி நிறைவேறியது. பழைய கொத்தர் எழுதி வைக்காத வித்தையை, அவர்கள் விட்டுச்சென்ற கட்டடத்திலிருந்தே புதியவர் கற்க வேண்டியிருந்தது.

2023-இல் ஸாகோரிப் பண்பாட்டு நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. பழம்பாதைகளைத் தேடி நடப்போர் இன்று பலநாடுகளிலிருந்தும் வருகின்றனர். எனினும் கீர்த்தி மட்டும் கல்லைத் தாங்குவதில்லை. ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் அடிமானத்தைச் சோதிக்கும் கண்ணும், பெயர்ந்த கல்லைப் பழைய முறையிலேயே பதிக்கும் கையும் தலைமுறைதோறும் பயிற்றுவிக்கப்படும் வரையில்தான் இப்பாலங்கள் நிற்கும். கொத்துத் தொழிலைக் காப்பதே பாலத்தைக் காப்பதாகும்.