பாண் வண்டியில் பீத்தோவன், பெரட்டில் நாங்கள்

பாண் வண்டி கண்ணில் படுவதற்கு முந்தியே காதில் விழுந்துவிடும். ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை, எந்தப் பக்கம் போனாலும் அதே ட்யூன்தான். சத்தம் கேட்டதும் லயத்துப் பிள்ளைகள் காசைக் கையில் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடும். சிங்களத்தில் இதற்கு 'சூன் பாண்' என்றே பெயர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் அது வெறும் பாண் பாட்டு. எழுதியவர் லுட்விக் வான் பீத்தோவன். பெயர் 'ஃபூர் எலீஸ்', எலீஸுக்காக என்று அர்த்தம். அந்த எலீஸ் யார் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பீத்தோவன் அதை எழுதியது 1810 இல். அச்சில் வந்ததோ அவர் செத்து 40 வருஷம் கழித்து, 1867 இல். அதே 1867 இல்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஹேவாஹெட்ட பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தற்செயல்தான். ஆனால் அந்த ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மேலைத்தேய சங்கீதத்தின் மற்றக் காலங்களையும் மலைநாட்டு வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தோம். பார்க்கப் பார்க்க, சில இடங்களில் தற்செயல் என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை.

புத்தகங்களில் இந்த வரலாற்றை வழக்கமாக இப்படிப் பிரிப்பார்கள்: மத்தியகாலம், மறுமலர்ச்சிக் காலம், பரோக் (1600 - 1750), கிளாசிக்கல் (1750 - 1820), ரொமான்டிக் (ஏறக்குறைய 1900 வரை), அப்புறம் இருபதாம் நூற்றாண்டு. 'கிளாசிக்கல்' என்பது கறாராகப் பார்த்தால் நடுவில் கிடக்கிற அந்த 70 வருஷத்துக்கு மட்டும் உரிய பெயர். பேச்சுவழக்கில் மொத்தத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இது பாணி மாறியதை வைத்துச் செய்த பிரிப்பு. நாங்கள் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறோம்: அந்தந்தக் காலத்தில் சங்கீதக்காரனுக்குச் சம்பளம் போட்டது யார்? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு முதலில் வாயில் வரும் கேள்வி அதுதானே.

ஆரம்பத்தில் போட்டது திருச்சபை. ஒரே குரலில், தாள வாத்தியம் இல்லாமல், இலத்தீன் மொழியில் துறவிகள் பாடிய செபப் பாட்டுகள். அதில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது பாட்டைவிட அதை எழுதி வைத்த விதம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அரெஸ்ஸோ ஊரில் இருந்த குய்தோ என்ற துறவி, கோடு போட்டு அதன்மேல் சுரங்களை வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். அதுவரை கேட்டே இராத பாட்டைக்கூடப் பையன்கள் பார்த்துப் பாடலாம் என்றானது. 1501 இல் வெனிஸ் நகரில் பெத்ரூச்சி என்பவர் பல குரல் இசையை அச்சுப் புத்தகமாகவே போட்டார். எங்கள் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் வாத்தியார் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்குப் போய்த்தான் இவ்வளவு காலம் தாங்கியிருக்கின்றன. காதால் வருவது ஒன்றும் மட்டமில்லை. ஆனால் வாத்தியார் செத்தால் பாதி போய்விடும். சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திருக்காவிட்டால் தோட்டத்துப் பாட்டுகள் பலவற்றின் சொற்கள்கூட இன்றைக்குக் கையில் இருக்காது.

பரோக் காலத்தில் சம்பளம் போட்டவர்கள் ரெண்டு பேர், தேவாலயமும் அரண்மனையும். ஒபெரா பிறந்தது இந்தக் காலத்தில். மொன்டெவெர்டியின் 'ஒர்ஃபெயோ' 1607 இல் மான்டுவா அரசவையில் மேடையேறியது. வெனிஸில் விவால்டி வேலை பார்த்தது கைவிடப்பட்ட பெண் பிள்ளைகளை வளர்த்த ஓர் இல்லத்தில். அவருடைய கொன்செர்ட்டோக்கள் பலவற்றை வாசித்தது அந்தப் பெண் பிள்ளைகள்தான். இந்தக் காலத்தின் பெரிய பெயர் ஜொஹான் செபாஸ்டியன் பாஹ். அவர் வாழ்க்கையில் ஒரு சம்பவத்தைப் படித்தபோது எங்கள் செட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம். துண்டு.

1717 இல் பாஹ் வைமார் பிரபுவிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கூதன் என்ற இடத்தில் அதைவிட நல்ல வேலை கிடைத்தது. விலகிப் போக அனுமதி கேட்டார், பிரபு விடவில்லை. பாஹ் விடாப்பிடியாகக் கேட்க, நவம்பர் 6 இல் அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். டிசம்பர் 2 இல்தான் வெளியே விட்டார்கள். எங்கள் தோட்டங்களில் நடந்தது தெரிந்ததுதான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிப்போம் என்று தொரை எழுதித் தருகிற துண்டு வேண்டும். 1865 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் மறியல். 1921 வரை துண்டு முறை இருந்தது. ரெண்டையும் ஒன்றாக்கிப் பேச நாங்கள் வரவில்லை. பாஹ் நாலு வாரத்தில் வெளியே வந்து கூடுதல் சம்பளத்துக்குப் போனார். கங்காணி கணக்கில் கடன்பட்ட குடும்பத்துக்கு அப்படி ஒரு கூதன் எங்கே இருந்தது? ஆனாலும் 'தொரமார் சங்கீதம்' என்று நாங்கள் ஒதுக்கி வைத்த ஒன்றின் நடுவில், வேலையை விட்டுப் போகக் கேட்டதற்காக மறியலில் கிடந்த ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று, கோப்பி. லைப்சிக் நகரில் ஸிம்மர்மன் என்பவரின் கோப்பிக்கடையில் பாஹ் வாராவாரம் கச்சேரி நடத்தினார். 1734 வாக்கில் கோப்பியைப் பற்றியே ஒரு கன்டாட்டா எழுதினார். கோப்பிப் பைத்தியம் பிடித்த மகள், குடிப்பதை நிறுத்தாவிட்டால் கல்யாணம் இல்லை என்று மிரட்டும் அப்பா. மகள் சரியென்று தலையாட்டிவிட்டு, கோப்பி குடிக்க விடுகிறவனைத்தான் கட்டுவேன் என்று ரகசியமாக ஏற்பாடு பண்ணிக்கொள்வாள். நல்ல நகைச்சுவை, இன்றைக்கும் சிரிப்பு வரும். அந்தக் காலத்து ஐரோப்பாவுக்குக் கோப்பி யேமனிலிருந்து வந்தது, ஒல்லாந்தர் ஆண்ட ஜாவாவிலிருந்து வந்தது, சுரினாமிலும் கரீபியன் தீவுகளிலும் ஆபிரிக்க அடிமைகள் விளைவித்து வந்தது. பாஹ் பிறந்த அதே 1685 இல் பிறந்த ஹாண்டலின் பெயர், அடிமை வியாபாரம் செய்த ரோயல் ஆபிரிக்கன் கம்பெனியின் பங்குப் பதிவுகளில் இருக்கிறது. அவருடைய 'மெசாயா' நத்தார் காலத்தில் உலகமெல்லாம் கேட்கிறது. கேட்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இதுவும் தெரிந்துகொண்டு கேட்கலாம்.

அடுத்து கிளாசிக்கல் காலம், ஹைடன், மொஸார்ட், பீத்தோவன். 1761 இல் எஸ்தர்ஹாசி பிரபு குடும்பத்தில் ஹைடன் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதின ஒப்பந்தம் இருக்கிறது. சீருடை போட வேண்டும். ஒவ்வொரு நாளும் முன்னறையில் வந்து நின்று, இன்றைக்குச் சங்கீதம் உண்டா என்று உத்தரவு கேட்க வேண்டும். எழுதுகிற இசை பிரபுவுக்கே சொந்தம். பெரட்டுக்களத்துக்கும் இதற்கும் தூரம் குறைவு.

1772 இல் பிரபு தன் கோடைகால மாளிகையை விட்டுக் கிளம்பவே இல்லை. வாத்தியக்காரர்களின் பெண்டாட்டி பிள்ளைகளெல்லாம் ஐசன்ஸ்டாட்டில். லீவு கேட்கத் தைரியம் இல்லை. ஹைடன் ஒரு சிம்பனி எழுதினார், 45 ஆம் இலக்கம். கடைசிப் பகுதி வேகமாக முடியப்போகிற மாதிரிப் போய், சட்டென்று மெதுவாகத் திரும்பும். அப்புறம் ஒரு வாத்தியக்காரர் தன் பங்கை முடித்து, மெழுகுதிரியை அணைத்து, எழுந்து போய்விடுவார். பிறகு இன்னொருவர். இப்படியே ஒவ்வொருவராகப் போய் மிஞ்சுவது ரெண்டே வயலின். பிரபுவுக்கு விஷயம் புரிந்து, அடுத்த நாளே எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. 'பேர்வெல் சிம்பனி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஒரு கோரிக்கைக் கடிதம்கூட இல்லாமல் நடந்த, உலகத்திலேயே அழகான வேலைநிறுத்தம் என்று நாங்கள் இதைச் சொல்லுவோம். ஒப்பந்தப்படி அந்தச் சிம்பனியும் பிரபுவுக்குத்தான் சொந்தம் என்பது வேறு கதை.

மொஸார்ட் 1781 இல் சால்ஸ்பர்க் பேராயரின் வேலையை விட்டார். பேராயரின் அதிகாரி அவரைப் பின்னால் உதைத்து அனுப்பினதாக மொஸார்ட்டே அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். பீத்தோவன் வியன்னாவில் யாருடைய சீருடையையும் போடவில்லை. 1809 இல் 3 பிரபுக்கள் சேர்ந்து, வியன்னாவை விட்டுப் போகாமல் இருந்தாலே போதும் என்று வருஷச் சம்பளம் பேசினார்கள். 1815 மார்ச்சில் கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போனபோது அவருடைய காது ஏறக்குறைய அடைத்துப்போயிருந்தது. பாண் வண்டியில் வருவது அவர் துண்டின் முதல் பகுதி மட்டும். முழுசாகக் கேட்டால் நடுவில் இடது கை ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் ஓர் இடம் வரும். பாண் விற்க அது உதவாது, ஆனால் அந்த இடத்துக்குப் பிறகு பழைய ட்யூன் திரும்பி வரும்போது வேறு மாதிரிக் கேட்கும்.

ரொமான்டிக் காலத்தில் சம்பளம் போட்டது டிக்கெட் வாங்கின கூட்டம். பிரபுக்கள் இடத்துக்கு வியாபாரிகளும் ஆலைக்காரர்களும் வந்தார்கள். வீட்டுக்கு வீடு பியானோ, ஊருக்கு ஊர் கச்சேரி மண்டபம். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனி வியன்னாவில் அரங்கேறியது 1824 இல். ஏறக்குறைய அதே வருஷங்களில்தான் கம்பளைப் பக்கம் முதல் கோப்பித் தோட்டங்கள் வந்தன. 1840களில் பிரான்ஸ் லிஸ்ட் ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசிக்க, அவர் கையுறைக்குப் பெண்கள் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம், எங்கள் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். எத்தனையோ பேர் அந்தப் பாதையிலேயே முடிந்துபோனார்கள். ஷொப்பான், ஷூமன், பிராம்ஸ், வாக்னர், சைகொவ்ஸ்கி என்று நீளும் இந்தக் காலத்தின் பட்டியலை யாரும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு 1876 தான் மனதில் நிற்கிறது. அந்த வருஷம் வாக்னர் தனக்கென்று கட்டின பைரொய்த் அரங்கில் 4 நாள் ஒபெராவை முதல் முறையாக முழுசாக நடத்தினார். அதே வருஷம் நுவரெலியாவில் வெள்ளைக்காரத் தொரமாருக்காக ஹில் கிளப் தொடங்கியது. 1885 இல் பிராம்ஸின் நாலாவது சிம்பனி அரங்கேறியது, ரயில் நானுஓயாவுக்கு வந்தது.

அந்தச் சங்கீதம் மலைக்கு வந்தது பங்களா வழியாக மட்டும் என்று நினைத்தால் அது தப்பு. 1854 இல் தொடங்கின தமிழ் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாகப் பாட்டுப் புத்தகத்தோடு போனது. ஐரோப்பிய மெட்டுகளில் தமிழ்க் கீர்த்தனை, கூடவே தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள். அந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே மேலைத்தேய பேண்ட் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்ட் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். மாரியம்மன் கோயில் பஜனையில் வாசிக்கிற ஆர்மோனியமும் 1840களில் பாரிஸில் காப்புரிமை பெற்ற சாமான்தான். அதை யாரும் அன்னிய வாத்தியம் என்று சொல்லக் காணோம்.

இருபதாம் நூற்றாண்டில் எல்லாம் உடைந்தது. 1913 இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' பாரிஸில் நடந்தபோது சபையிலேயே கூச்சல். வியன்னாக்காரரான ஷூன்பெர்க் சுருதிக்கு ஒரு வீடு இருக்க வேண்டும் என்ற பழைய விதியையே விட்டார். யூதர் என்பதால் 1933 இல் பெர்லினில் அவருடைய பேராசிரியர் வேலை போனது, அமெரிக்காவுக்குப் போனார். அவருடைய 'வார்சோவிலிருந்து தப்பியவர்' 7 நிமிடத் துண்டு. விடியுமுன் கைதிகளை வெளியே இழுத்து எண்ணும் காட்சியை ஒரு குரல் சொல்லும், வாத்தியங்கள் பதறும், கடைசியில் ஆண்கள் எபிரேயச் செபத்தைப் பாடத் தொடங்குவார்கள். அது முதல் முறை மேடையேறியது 1948 நவம்பரில். இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து எங்கள் பாட்டன் பாட்டிகள் நாடற்றவர்கள் ஆனதும் அதே மாதத்தில்தான். எங்கள் செட்டில் ஒருத்தியால் அதை ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை, நிறுத்தி நிறுத்தித்தான் கேட்டாள்.

தமிழில் இந்தச் சங்கீதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இளையராஜாவில் போய்த்தான் நிற்கும். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்துத் திரிந்த பையன், தன்ராஜ் மாஸ்டரிடம் பாஹ்வைப் படித்தார். 1986 இல் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. 2025 மார்ச் 8 இல் லண்டனில் ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியண்ட்' சிம்பனியை வாசித்தது. ஹட்டன் பஸ்ஸில் அவர் பாட்டுக்குத் தலையாட்டுகிற எல்லோரும் தெரியாமலே கவுண்டர்பாயிண்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

ஓ.எல் அழகியல் பாடங்களில் மேலைத்தேய சங்கீதமும் ஒன்று. நாங்கள் படித்த தோட்டப் பாடசாலைகளில் அதற்கு ஆசிரியர் இருந்ததில்லை. கர்நாடக சங்கீதத்துக்கே சில வருஷம்தான். தப்பு பாடத்திலேயே இல்லை. விடியக்காலை எங்கள் சனத்தை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்த வாத்தியம் அது, சாவுக்கும் சாமிக்கும் அடித்தது, ஆனால் அதை அடித்தவர்களின் சாதியைச் சொல்லி லயத்துக்குள்ளேயே ஒதுக்கினோம். அதைக் கோடு போட்ட தாளில் எழுத முடியுமா என்று எங்கள் செட்டில் ரெண்டு பேர் இப்போது முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கை விரலும் குச்சியும் சேர்ந்து வருகிற சத்தத்துக்கு இன்னும் குறி கிடைக்கவில்லை.

சுரத்தாள் பார்க்கக் காசு தேவையில்லை. அந்த வெனிஸ் பெத்ரூச்சியின் பெயரிலேயே இணையத்தில் ஒரு இலவச நூலகம் இருக்கிறது, ஐ.எம்.எஸ்.எல்.பி. என்று தேடினால் வரும். ஹைடனின் 45 ஆம் சிம்பனியை எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். நிறைய வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடும். ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போகும். சுரம் வாசிக்கத் தெரியாவிட்டாலும், யார் யார் எழுந்து போகிறார்கள் என்று கண்ணாலேயே எண்ணலாம்.