எழுத்திலிருந்து படச்சுருளுக்கு: ஏ.கே. செட்டியார்

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் வேதாரண்ய உப்பு யாத்திரை திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜனின் வீட்டிலிருந்து புறப்பட்டது. ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். 1909இல் லண்டனில் இந்தியர்கள் நடத்திய தசரா விருந்துக்குச் சமையற்கட்டில் ஒருவர் ஓயாது வேலை செய்துகொண்டிருந்ததையும், விருந்துக்குத் தலைமை ஏற்க வந்த காந்தியே அவர் என்று பிறகு தெரிந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சமையற்கட்டில் படக்கருவி இருந்ததில்லை. இருந்த இடங்களில் எடுக்கப்பட்ட படங்களும் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிப் புறப்பட்டவர் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர்.

1911இல் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் (அ. கருப்பன் செட்டியார்) இரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்தவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று காந்தியின் பிறந்த நாள். செட்டியாருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை. கையில் பெரும்பணமும் இல்லை. படத்துறை அனுபவமும் சொல்லும்படியாக இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த படங்களிலிருந்து ஐம்பதாயிரம் அடிச் சுருள்கள் சேர்ந்தன. அவை பன்னிரண்டாயிரம் அடியாகச் சுருக்கப்பட்டன. ஒவ்வொரு நிறுவனத்தின் படியும் ஏறி, கிடங்குகளில் பழைய செய்திப்படங்களைத் துழாவி, உரிமைக்குப் பேரம் பேசி நடந்த வேலை இது. இரண்டாம் உலகப் போர் மூளவிருந்த வேளை என்பதை நினைத்தால், அந்தச் சுருள்கள் ஊர் வந்து சேர்ந்ததே பெரிய காரியம் எனத் தோன்றுகிறது.

1940 ஆகஸ்டில் படம் தமிழில் வெளிவந்தது. தெலுங்கு வடிவமும் வந்தது. என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் இணையின் நகைச்சுவைக்காகவே மக்கள் கொட்டகைக்குப் போன காலம் அது. பாட்டும் கூத்தும் விரவிய கதைப்படங்களுக்குப் பழகிய கண்களின் முன், வெள்ளையர் ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, காந்தியின் வாழ்க்கையை ஆவணமாகவே வைத்த துணிச்சலைக் குறைத்து மதிப்பிட இயலாது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் உருவாயிற்று.

படம் எடுத்தவர் படத்துறையில் தங்கிவிடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. 1943இல் அவர் தொடங்கிய 'குமரி மலர்' 1983இல் அவர் மறையும் வரை நீடித்தது. பழைய பத்திரிகைகளிலும் நூல்களிலும் மறந்துபோனவற்றைத் தேடி மறுபதிப்பு செய்வது அதன் தனி அடையாளம். முன்பு சுருளைத் தேடியவர் இப்போது தாளைத் தேடினார், தேட்டம் ஒன்றே. படம் உருவான கதையைச் சொல்லும் 'அண்ணல் அடிச்சுவட்டில்' நூலிலும் தம்மை முன்னிறுத்தாத கூச்சம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பயணக் கட்டுரைகளிலும் அப்படித்தான்: ஊர் தெரியும், மனிதர்கள் தெரிவார்கள், எழுதியவர் மட்டும் தெரியமாட்டார்.

இத்தனை பேருடைய சுவடுகளைக் காத்தவரின் படம் மட்டும் காக்கப்படவில்லை. தமிழ் மூலம் வெகுகாலம் காணாமற்போயிருந்தது. ஆங்கில வடிவத்தின் படி ஒன்று, வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது. அதைத் தேடியவரும் ஒரு தமிழரே.