முடி மாற்று அறுவை சிகிச்சையில் இரத்தநாளச் சிக்கல்கள்

முடி மாற்று அறுவை சிகிச்சையில் அரிதாகத் தலைத்தோலின் இரத்தநாளங்கள் பாதிக்கப்படுகின்றன. இவ்வகைச் சிக்கல்களில் முக்கியமானவை மூன்று: தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிடும் தமனி-சிரைப் புழை; தமனிச் சுவர் கிழிந்து இரத்தம் பைபோல் தேங்கும் போலித் தமனி வீக்கம்; இரத்த ஓட்டம் குறைந்து தோல் கருகும் திசு இறப்பு.

காரணம்

தலைத்தோலுக்கு ஒவ்வொரு பக்கமும் ஐந்து தமனிகள் இரத்தம் தருகின்றன. அவை தோலுக்குக் கீழேயுள்ள அடர்ந்த இணைப்புத் திசுவில் செல்கின்றன. நாளம் அறுபட்டால் அத்திசுவின் நார்கள் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்வதால் இரத்தப்போக்கு மிகுதி. முடி எடுக்கப்படும் பிடரியில் பிடரித் தமனி ஓடுகிறது.

வரலாறு

தமனி-சிரைப் புழையை 1757இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் விவரித்தார். முழங்கைச் சிரையில் இரத்தம் வடிக்கக் கீறியபோது அடியிலிருந்த தமனியும் காயப்பட்டதால் அது உண்டாயிற்று.

1939இல் ஜப்பானிய மருத்துவர் ஒகுடா, மயிர்க்கால்களுடன் தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து நடும் முறையை வெளியிட்டார். போர்க்காலமாதலால் அது மேலைநாடுகளை எட்டவில்லை. 1959இல் நியூயார்க்கின் நார்மன் ஓரன்ட்ரைக் இதே வழியைப் பரவலாக்கினார். அப்போது பயன்பட்ட துளைக்கருவி ஏறத்தாழ 4 மி.மீ. அகலமானது, ஆழமாக இறங்கினால் தமனியும் அறுபடும். 1970இல் இச்சிகிச்சையால் உண்டான தமனி-சிரைப் புழை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பதிவானது. பிற்காலத்தில் மயிர்க்கால்களைத் தனித்தனியாக எடுக்கும் முறை வந்து, துளை ஏறத்தாழ 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கியதால் இந்த ஆபத்து குறைந்தது.

சிகிச்சை

துடிக்கும் கட்டி, காதில் இரைச்சல், தலைவலி ஆகியவை புழையின் அறிகுறிகள். டாப்ளர் ஸ்கேன் இதை உறுதிசெய்யும். சிறியவை அழுத்திக் கட்டினாலே மூடிக்கொள்ளலாம். பெரியவற்றை, இரத்தம் தரும் நாளங்களைக் கட்டி முழுமையாக வெட்டி எடுப்பர். அல்லது குழாய்வழி அடைப்பர். தமனியை மட்டும் கட்டினால் பக்க நாளங்கள் வழியே இரத்தம் பாய்ந்து புழை திரும்பும். திசு இறப்பு, முடியை மிக நெருக்கமாக நடுவதாலும், புகைப்போருக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் கூடுதலாகவும் நேர்கிறது. புண்ணைப் பராமரித்து, ஆறியபின் வடுவைச் சீரமைப்பதே வழி.

சென்னையில்

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரத்தநாள அறுவை சிகிச்சைக்கெனத் தனித்துறை உள்ளது. ஆனால் முடி மாற்றுச் சிகிச்சை பெரும்பாலும் நடப்பது தியாகராய நகர், அடையாறு, நுங்கம்பாக்கம் போன்ற பகுதிகளின் தனியார் நிலையங்களில்தான்.

2016 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் ஒரு நிலையத்தில் முடி மாற்றுச் சிகிச்சை பெற்ற மருத்துவ மாணவர் உடல்நிலை மோசமாகி, வேலூரில் இறந்தார். அது மேற்கூறிய நாளச் சிக்கல்களால் நேர்ந்ததல்ல. மயக்க மருந்து தொடர்பான கேள்விகளே எழுந்தன. இருப்பினும், அவசர நிலையைச் சமாளிக்க வசதியற்ற இடத்தில் சிறு அறுவைகூட உயிரைப் பறிக்கும் என்பதை அது காட்டியது.

2022இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்யவேண்டும் என்றது. பட்டறையிலும் யூடியூப் காணொளியிலும் கற்பது போதாது என்றும் கூறியது. துளைக்கருவி சிறிதானாலும், அதைப் பிடிப்பவருக்குத் தோலுக்கடியில் ஓடும் தமனி எதுவெனத் தெரிந்திருக்கவேண்டும்.