ஏடில்லா இனத்தின் எழில்

கி.மு. 52. இன்றைய பிரான்சு நாட்டிலே, அலேசியா என்னும் குன்றின்மீது ஒரு கோட்டை. கீழே, குன்றைச் சுற்றிலும் அகழி தோண்டி அரண் எழுப்பிக்கொண்டு ரோமாபுரிப் படை. மேலே, பசி! துணைக்கு வந்த படையும் முறியடிக்கப்பட்டபின், கோல் நாட்டு மக்களின் இளந்தலைவன் வெர்சிஞ்செட்டோரிக்ஸ் பணிந்தான். ஆறாண்டு சிறை. கி.மு. 46 இல் ரோம் நகரிலே வெற்றி விழா; அதில் அவன் ஒரு காட்சிப் பொருள்; விழா முடிந்தது, அவன் வாழ்வும் முடிந்தது.

இந்த முற்றுகையின் கதையை நமக்கு விரிவாக உரைப்பவர் யார்? முற்றுகையிட்ட ஜூலியஸ் சீசரே! வென்றவன் வரைந்த ஓவியத்திலே தோற்றவன் முகத்தைத் தேடவேண்டிய நிலை நமக்கு. கல்லூரியிலே நாம் பயின்ற ரோம வரலாற்றில் கெல்ட்டியர் எப்போது வருவர்? ரோமை எரிக்க வருவர், அல்லது சீசரிடம் தோற்க வருவர். இடையிலே அவர்கள் என்ன உண்டனர், எதைச் செய்தனர், எப்படி வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு வரி இராது. அயர்லாந்து தொடங்கி ஆசியா மைனர் வரையிலே பரவி வாழ்ந்த மக்கள் அவர்கள். ஒரே அரசின் கீழ் ஒருநாளும் அவர்கள் இருந்ததில்லை. மொழியும் கலையும் பழக்கமும் பெரிதும் ஒத்திருந்த பல குடிகள். அவர்களைப் பற்றி ஏடு மறைத்ததை மண் மறைக்கவில்லை.

ஆஸ்திரியாவின் மலைகளுக்கிடையே ஹால்ஷ்டாட் என்று ஓர் ஏரிக்கரை ஊர். பழங்காலந்தொட்டு உப்பு வெட்டும் ஊர். அங்கே சுரங்க அதிகாரியாக இருந்த யோகான் கியோர்க் ராம்சாவர் என்பவர், 1846 முதல் 1863 வரையில் ஏறத்தாழ 980 கல்லறைகளைத் தோண்டினார். புதையல் வேட்டைக்காரரைப்போல் பொன்னை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகாமல், எந்த எலும்பின் அருகே எந்தப் பொருள் கிடந்தது என்பதை நீர்வண்ண ஓவியமாகவே எழுதி வைக்கச் செய்தார். இரும்பு வாள், வெண்கலப் பாத்திரம், தொலைதூரத்து அம்பர் மணி! உப்பு விற்ற செல்வம் அது. அந்தச் செல்வத்தைச் சுமந்தவர் யார் என்பதையும் எலும்புகளே சொல்கின்றன. சிறு பிராயம் முதலே பளு தூக்கித் தேய்ந்த மூட்டுகள் அவை. உப்போ, தான் விழுங்கியதை அழுகவிடாது. தோல் பை, துணித் துண்டு, மரப்பிடி ஆகியவற்றோடு, சுரங்கத் தொழிலாளர் கழித்த மலம்கூட அங்கே காய்ந்து கிடந்தது. 2021 இல் அதனை ஆராய்ந்தோர், 2,700 ஆண்டுகட்கு முன்னரே அவர்கள் நீலப் பூஞ்சை பிடித்த பாலாடைக்கட்டி தின்று பீர் குடித்தனர் என்று கண்டு சொன்னார்கள். மலத்திலும் வரலாறு உண்டு என்றால் முகஞ்சுளிப்பவர் சுளிக்கட்டும். மன்னன் புகழ்ச்சி பாடும் மெய்க்கீர்த்தியைவிட அது மெய் பேசுகிறது!

1977 இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகருக்கு அருகே, ஹோக்டோர்ஃப் என்னும் சிற்றூரில், உழுது உழுது தேய்ந்துபோன ஒரு மண்மேடு அடையாளம் காணப்பட்டது. அடுத்த ஆண்டு அறிஞர் யோர்க் பீல் அதனைத் திறந்தார். கொள்ளையர் கைபடாத கல்லறை! கி.மு. 530ஐ ஒட்டிய காலம். நாற்பது வயதை எட்டிய நெடிய மனிதன் ஒருவன், இரண்டே முக்கால் மீட்டர் நீள வெண்கல இருக்கையிலே கிடத்தப்பட்டிருந்தான். அந்த இருக்கையைத் தாங்குவோர் எண்மர்; எண்மரும் பெண் வடிவங்கள்; ஒவ்வொருத்தியும் உருளைமீது நிற்கிறாள், இருக்கையை உருட்டிச் செல்வதற்காக. அவன் தலைமாட்டில் மரப்பட்டைத் தொப்பி, கழுத்தில் பொற்காறை, காலணிமேல் பொன் தகடு. மீன் பிடிக்கும் தூண்டில் முள்ளும் உண்டு. ஓரத்தில் நாலு சக்கர வண்டி. அதன்மீது ஒன்பது தட்டுகள். சுவரிலே ஒன்பது குடிகொம்புகள். ஐந்நூறு லிட்டர் கொள்ளும் கிரேக்க நாட்டு வெண்கலக் கொப்பரை ஒன்று, அடியிலே தேன் மதுவின் கசடோடு!

பொன் அணிகள் பல, அந்த மேட்டருகிலேயே பட்டறை வைத்துச் செய்யப்பட்டவை என்று தடயங்கள் காட்டின. வாழ்ந்தபோது அணிந்த பொன்னன்று. பிணத்துக்கென்றே தட்டிய பொன்! ஒருவன் இறந்தான் என்பதற்காக எத்தனை கொல்லர் எத்தனை நாள் உலைமுன் வெந்தனரோ! அந்த இருக்கையைத் தாங்கும் எட்டுப் பெண்களை நாம் மீண்டும் மீண்டும் படத்தில் பார்ப்பதுண்டு. கைகளை உயர்த்தி, கால்களை ஊன்றி, முகத்தில் சலனமின்றி நிற்கிறார்கள். கலைஞன் எதை நினைத்து வார்த்தானோ, நமக்கு அவர்கள் சுமை சுமப்போராகவே தெரிகிறார்கள்.

பெண் என்றால் சுமப்பவள் மட்டுந்தானா அந்தச் சமுதாயத்திலே? இல்லை. 1953 இல் பிரான்சின் விக்ஸ் என்னும் இடத்தில் ரெனே ஜோஃப்ருவா கண்டெடுத்த கல்லறை ஒரு பெண்ணுடையது. அவளருகே, 1.64 மீட்டர் உயரமும் 208 கிலோ எடையும் கொண்ட வெண்கலத் தாழி, கிரேக்கக் கைவண்ணம், பண்டைய உலகம் நமக்கு விட்டுச் சென்ற உலோகக் கலங்களில் அதனினும் பெரிது வேறில்லை. இவ்வளவும் ஒரு பெண்ணுக்கா என்று ஐயுற்றோர், அவள் பெண்ணே அல்லள் என்று நிறுவக்கூட முயன்றதுண்டு! 2024 இல் வெளியான மரபணு ஆய்வோ வேறொரு கதவைத் திறந்தது. ஹோக்டோர்ஃப் தலைவனும், அண்டையிலுள்ள ஆஸ்பெர்க் மேட்டில் புதைக்கப்பட்ட மற்றொரு தலைவனும் பெரும்பாலும் தாய்மாமனும் மருமகனும் என்கிறது அது. 2025 இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதிக் கல்லறைகளை ஆராய்ந்தவர்களும், பெண்கள் பிறந்த மண்ணிலேயே தங்க, ஆண்களே மனைவி ஊருக்குக் குடியேறினர் என்று கண்டனர். பிரித்தானியரின் மணமுறையை ஏளனமாக எழுதி வைத்துப் போனார் சீசர். தாய்வழி உறவால் கட்டப்பட்ட ஊரைத் தந்தைவழிச் சமுதாயத்து ரோமன் எப்படிப் புரிந்துகொண்டிருப்பான்?

கலைக்கு வருவோம். 1857 இல் சுவிட்சர்லாந்தின் நோஷாட்டெல் ஏரி நீர்மட்டம் தாழ்ந்தபோது, லா தென் என்னும் கரையோரத்தில் வாள்களும் ஈட்டி முனைகளும் வெளிப்பட்டன. அவற்றின் உறைகளில் ஓடிய கோடுகளைக் கண்டுதான், இது கிரேக்கமுமன்று, ரோமமுமன்று, தனியொரு கலை என்று உலகம் உணர்ந்தது. கிரேக்கரிடம் இலையையும் மலரையும் கடன் வாங்கினர் கெல்ட்டியர். ஆனால் வாங்கியதை வாங்கியபடி வைத்துக்கொண்டாரில்லை. இலை நெளிந்து கொடியாகும். கொடி சுழன்று பறவைத் தலையாகும். சற்றுத் தள்ளி நின்று நோக்கினால் ஒரு மனித முகம் நம்மை நோக்கும். கிட்டே போனால் முகம் கலைந்து மீண்டும் கொடிதான்! மனித உடலைக் கண்ணாடிபோல் காட்டுவதே கலையின் உச்சம் என்று பழகிய கண்களுக்கு இது காட்டுமிராண்டிக் கிறுக்கலாகத் தோன்றிற்று. கவராயம் கொண்டு அளந்து வரைந்த கிறுக்கல் ஐயா, அது!

அதே 1857 இல் இலண்டனில் தேம்ஸ் ஆற்றினின்று கிடைத்தது பேட்டர்சீ கேடயம். மெல்லிய வெண்கலத் தகடு. அதில் செந்நிறக் கண்ணாடிப் பதிப்பு இருபத்தேழு. ஒரு வெட்டும் தாங்காத கேடயம், போருக்கன்று, பார்வைக்கு. 1950 இல் இங்கிலாந்தின் ஸ்நெட்டிஷாம் வயலில் உழவின்போது வெளிவந்த பொற்காறையோ ஒரு கிலோவுக்கு மேல் எடை. எட்டுக் கம்பிகளை முறுக்கி ஒரு புரி. அப்படி எட்டுப் புரிகளைச் சேர்த்து முறுக்கிய வளையம். ஆக 64 கம்பிகள்! வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையை ஒரே வளையமாக்கிக் காய்ச்சி மாட்டி, குளிரவிட்டு இறுக்கியதும் இவர்கள் கைதான். இரும்பு வளையச் சட்டையைக் கண்டவர்கள் கோல் மக்களே என்று ரோம அறிஞர் வார்ரோ ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனி, கசப்பான பக்கம். கெல்ட்டியர் பகைவர் தலையை வெட்டித் தைலம் பூசி வைத்துப் போற்றினர் என்று கிரேக்க நூலோர் எழுதினர். அவதூறு என்று ஒதுக்கிவிடலாமா? தென்பிரான்சின் ரோக்பெர்த்யூஸ் கோவிலில், மண்டையோடு வைப்பதற்கென்றே குடைந்த மாடங்களோடு கல்தூண்கள் நின்றன. லெ கைலார் என்னும் இடத்து மண்டையோட்டுத் துண்டுகளை வேதியியல் முறையில் ஆராய்ந்து, ஊசியிலை மரப் பிசின் பூசப்பட்டதை 2018 இல் உறுதி செய்தனர். 1984 இல் இங்கிலாந்தின் லிண்டோ சதுப்பில் கிடைத்த இளைஞனின் உடலைப் பாருங்கள்! தலையில் அடி, கழுத்தில் சுருக்கு, தொண்டையில் வெட்டு. மூன்று முறை கொல்லப்பட்டவன் அவன். பலியாகவே இருக்கலாம் என்பர் பலர். கலை கண்டு மகிழ்ந்த கண்ணை இந்தக் கொலைமுன் மூடிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

பலிகளை நடத்தியவர் ட்ரூயிட் என்னும் குருமார். வரி இல்லை, போர்க்கடமை இல்லை, வழக்குத் தீர்ப்பும் அவர்களிடமே. அவர்கள் சொல்லுக்குப் பணியாதவனைப் பலிச் சடங்கினின்று விலக்கிவிடுவர். விலக்கப்பட்டவனிடம் யாரும் பேசார், நெருங்கார், அவனுக்கு வழக்குரிமையும் இல்லை. பொதுமக்களோ ஏறக்குறைய அடிமைகள். சிலர் இருபது ஆண்டுகள் மனப்பாடம் செய்து கற்றனர். ஆனால் கற்றதை எழுதக்கூடாது! எழுத்தறியாதவர்களா? அன்று. கணக்குக்கும் பிற காரியங்களுக்கும் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினர். மறைபொருளை மட்டும் எழுதாததற்குச் சீசர் கூறும் காரணம் இரண்டு: மாணவர் நினைவாற்றல் குன்றிவிடும் என்பது ஒன்று, தங்கள் கல்வி பொதுமக்களிடையே பரவிவிடக்கூடாது என்பது மற்றொன்று. எதிரி சொன்னது என்று கழித்துப் பார்த்தாலும் விளைவு கண்முன் நிற்கிறது. கி.பி. 60ஐ ஒட்டி மோனாத் தீவில் அவர்தம் தோப்புகளை ரோமர் வெட்டிச் சாய்த்தனர். ஒருசிலர் தொண்டைக்குள் பூட்டி வைத்த ஓர் இனத்தின் வானநூலும் சட்டமும் பாட்டும் அந்தத் தொண்டைகளோடு போயின. 1897 இல் கோலிஞ்யி என்னும் ஊரில் துண்டு துண்டாகக் கிடைத்த வெண்கலப் பஞ்சாங்கம் ஒன்று, ஐந்தாண்டுக்கு 62 மாதமெனத் திங்களையும் ஞாயிறையும் இணைத்துக் கணக்கிட்டவர்கள் இவர்கள் என்று காட்டுகிறது. முப்பது நாள் மாதம் நல்லது, இருபத்தொன்பது நாள் மாதம் நல்லதன்று என்று குறித்தும் இருக்கிறார்கள். கணக்கு அறிவு, குறிப்பு மூடம்!

வெற்றிடம் கண்ட இடத்தில் புனைவு குடியேறும். பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டூக்லி, ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை ட்ரூயிட் கோவிலாக்கினார். அந்தக் கற்கள் நின்றதோ ட்ரூயிட்டுகளுக்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே. வேல்ஸ் நாட்டின் அயோலோ மோர்கான்வுக் என்ற கொத்தர், தம் இனத்தின்மீது கொண்ட காதலால், பழஞ்சடங்கென்று தாமே ஒன்றைக் கற்பித்து 1792 இல் இலண்டன் குன்றொன்றில் அரங்கேற்றினார். பழைய சுவடிகளையும் புனைந்தார். வேல்ஸ் மொழிக்கு அவர் ஆற்றிய உண்மைப் பணி பெரிது. ஆயினும் அவர் கலந்த போலியைப் பிரித்தெடுக்கவே பிற்கால அறிஞருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பகைவன் சீசர் மறைத்ததை மண் மீட்டது. அன்பர் அயோலோ புனைந்ததை மீட்டுத் திருத்த, மண்ணிடம் அதற்குச் சான்றே இல்லை.

சுவிட்சர்லாந்தின் போர்ட் என்னும் இடத்தில் ஒரு வாள் கிடைத்தது. அதன் அலகிலே, கிரேக்க எழுத்தில் ஒரு முத்திரை: கோரிசியோஸ். வாளைத் தட்டிய கொல்லன் பெயராகலாம், ஏந்தியவன் பெயராகவும் ஆகலாம். எழுதாதே என்ற குருமார் ஒருவரின் பெயரும் அந்தக் காலத்து இரும்பில் இல்லை. எழுதிய கோரிசியோஸ் இன்றும் படிக்கப்படுகிறான்.