சூப்புக்குக் குளிர் வந்த கதை

சென்ற மாதம் நம் வளாகத்தில் நடந்த கோடைச் சமையல் பகிர்வுக்கு ஒரு வீட்டிலிருந்து குளிர் சூப் வந்தது. தர்பூசணி, வெள்ளரிக்காய், புதினா மூன்றையும் அரைத்து வடிகட்டி, இஞ்சிச் சாறு, எலுமிச்சை, உப்பு, மிளகு சேர்த்து இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தது. நன்றாகவே இருந்தது. "சூப்புன்னா சூடாத்தானே இருக்கணும்?" என்று பி பிளாக் மாமி கேட்டார். நியாயமான கேள்விதான்.

மெட்ராஸில் சூப் என்றால் சூடு என்று ஆனதில் நம் மிளகுத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. வெள்ளைக்காரர்கள் அதை 'முல்லிகட்டானி' ஆக்கி, வியர்க்க வியர்க்கக் குடித்தார்கள். மெட்ராஸ் மாகாண அதிகாரிகளுக்கு 'மல்' என்ற பட்டப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் சில்லென்று ஏதாவது குடிக்க ஆசைப்பட்டால் ஐஸ் வேண்டுமே!

அது அமெரிக்காவிலிருந்து வந்தது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த குளங்களை அறுத்து விற்றவர். 1833 மே மாதம் அவர் ஐஸ் ஏற்றி அனுப்பிய 'டஸ்கனி' என்ற கப்பல், பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தது. கிளம்பும்போது 180 டன். சேரும்போது ஏறக்குறைய 100 டன் மிச்சம். கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி மரத்தூளைத் திணிப்பதுதான் அந்தத் தொழிலின் முக்கிய சூட்சுமம்.

மெட்ராஸுக்கு வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கடற்கரை எதிரே கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1854-ல் வெளியான தோரோவின் 'வால்டன்' நூலில், அவர் வீட்டருகே வெட்டிய குளத்து ஐஸ் போகும் ஊர்களில் மெட்ராஸும் ஒன்றாக வருகிறது. பின்னால் இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். கல்கத்தா, பம்பாய் ஐஸ் கிடங்குகள் இடிபட்டுப் போக, நம்முடையது மட்டும் நிற்கிறது.

அந்த ஐஸ் துரைமார்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும்தான். சேலையூர், சிட்லபாக்கம் போன்ற ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்கு நீர்மோர், பானகம், பழைய சோற்று நீராகாரம். யோசித்தால் இவையும் குளிர் சூப்தானே! ஸ்பெயின் நாட்டு கஸ்பாச்சோவும் முதலில் அப்படித்தான்: காய்ந்த ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், தண்ணீர். வெயிலில் உழைத்தவர்களின் சாப்பாடு. தக்காளி பிற்பாடு அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது.

நம் குளிருக்கு மண்பானை போதும். நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஈரம் அதிகமானால் பானை மந்தமாகிவிடும். அதனால்தான் மதியம் உலர்ந்த மேல்காற்றில் சில்லென்று இருப்பது, கடல்காற்று வந்ததும் அவ்வளவாக இருப்பதில்லை. ஈர மணல்மேல், காற்றோட்டமான நிழலில் வைத்தால் நன்றாகக் குளிரும்.

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இப்போது அது இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியவில்லை. போன மே மாதம் இரவு முழுக்க கரண்ட் போனது நினைவிருக்கும். ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்குமே சரியாக இருந்தது. காலையில் எத்தனை வீட்டுப் பால் கெட்டது! அன்று கேட்டருகே வாட்ச்மேன் அண்ணன் வைத்திருந்த பானைத் தண்ணீரைத்தான் வாக்கிங் போனவர்கள் எல்லாம் வாங்கிக் குடித்தோம்.

இந்தக் கத்திரிக்கு அதே இடத்தில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். டெலிவரி பையன்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோருக்கும் பொது. வெளியில் வாங்கும் ஐஸ் கட்டி வேண்டாம்; மீன் பதப்படுத்தச் செய்ததும் அதில் கலந்து வரலாம். தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும். குளிர் சூப் கொண்டுவர விரும்புகிறவர்கள் அன்றன்றைக்குச் செய்து, வெளியே எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நறுக்கிய தர்பூசணி வெயில் தாங்காது.

மூன்று பானைகள் கிடைத்துவிட்டன. அடியில் பரப்ப மணல்தான் இன்னும் வேண்டும். வீட்டு வேலை முடித்து மிச்சம் வைத்திருப்பவர்கள் அசோசியேஷன் ஆபீஸில் சொல்லுங்கள்.