முகவரிக் கட்டம்

என் சித்தப்பா பெங்களூரில் பதினோரு வருடம் இருந்தார். எந்த முகவரியிலும் இல்லை. பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கம்பி கட்டுகிற வேலை பார்த்தவர். எந்தக் கட்டடம் எழும்புகிறதோ அதிலேயே, சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கை. பூச்சு முடிந்து கதவு மாட்ட ஆரம்பித்தால் அடுத்த கட்டடம். "கதவு வந்துட்டா நாம கெளம்பிரணும்டா" என்பார். சின்ன வயதில் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

பிறகு நானும் அதே ஊருக்கு மென்பொருள் வேலைக்குப் போனேன். முதல் வருடம் எனக்குக் கொடுத்தவற்றில் ஒன்று, பெயர் விவரம் வாங்கும் ஒரு படிவம். முகவரிக் கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஒரே ஒரு வரி நிரல்தான். அதை எழுதும்போது சித்தப்பா ஞாபகத்துக்கு வரவில்லை. வெகுநாள் கழித்து ஜோக்கின் அற்புதத்தைப் பற்றிப் படித்தபோதுதான் வந்தார்.

அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். அந்தச் சுரங்கங்களுக்கு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்துதான் நிறையப் பேர் போனார்கள். 1965-ல் தனி மாவட்டமாகும் வரை தர்மபுரியும் சேலத்தோடு இருந்ததுதான். ஆக, ரொம்பத் தூரத்து ஆள் இல்லை. தச்சு வேலை தெரிந்த அந்தப் பையன் 1960-களில் பம்பாய்க்குப் போனார். தெருவில் படுத்தார். பிறகு டிராம்பே பக்கம் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் ஒட்டிக்கொண்டார்.

அங்கே குப்பை அள்ள யாரும் வருவதில்லை. அற்புதம் காலனிப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டும் படிப்புமாக ஒரு கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கட்டிக் கொடுத்து, வரிசையாக நடத்திப் போய், மாநகராட்சி அலுவலக வாசலில் போடச் சொன்னார். பொட்டலங்கள் குன்றாகக் குவிந்தன. அதற்கப்புறம்தான் அதிகாரிகள் பேச வந்தார்கள். பிற்காலத்தில் உலகம் பூராவும் போய் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது.

சுற்றுச்சூழல் பற்றிய ஸ்டாக்ஹோம் மாநாடு 1972-ல். 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கிய பிரண்ட்லாண்ட் அறிக்கை 1987-ல். ஜனதா காலனிப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லெல்லாம் தேவைப்படவில்லை. நாற்றம் தாங்கவில்லை, அவ்வளவுதான். நகரத்தின் தூய்மையைக் கெடுப்பவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள்தான் நகரத்தைச் சுத்தமாக வை என்று முதலில் கேட்டார்கள். என் அலுவலகத்தில் 'பசுமை வாரம்' நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொட்டலங்கள் நினைவுக்கு வரும்.

காலனி நிலைக்கவில்லை. பக்கத்திலிருந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் வேண்டியிருந்தது. வழக்கு, டெல்லிப் பயணம், பாராளுமன்ற வாசல் என்று வருடக்கணக்கில் இழுத்துப் பார்த்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர். சீட்டா கேம்ப் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

அதே 1976-ல்தான் மகாராஷ்டிர அரசு குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்தது. அந்தக் கணக்கின் அருமை ஒன்பது வருடம் கழித்துத் தெரிந்தது. நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்துவதை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்ற அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் நடைபாதையில் குடியிருக்க உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழைக்காலம் முடியும்வரை அவகாசம். மாற்றிடம்? 1976-ல் கணக்கெடுக்கப்பட்டவர்களுக்கு. பட்டியலில் பேர் இருந்தால் மனிதர், இல்லாவிட்டால் இடையூறு. சென்னை நடைபாதைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு போட்ட வழக்கையும் அதே காலத்தில் அதே நீதிமன்றம்தான் விசாரித்தது.

பட்டியல் போடுவது அரசாங்க வேலை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1985-ல் பைகுல்லா நடைபாதைப் பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்த ஸ்பார்க் அமைப்பு (ஷீலா படேலும் நண்பர்களும் முந்தைய வருடம் தொடங்கியது) அந்த மக்களோடு சேர்ந்து தாங்களே கணக்கெடுத்தது. ஏறக்குறைய 6,000 குடும்பங்கள். எந்த ஊர், எத்தனை வருடம், என்ன வேலை, எவ்வளவு கூலி. வந்துபோகிற கூட்டம் என்று நகரம் நினைத்தவர்களில் பலர் பத்து, இருபது வருடமாக அங்கேயே இருந்தவர்கள். பஸ் செலவு இல்லாமல் வேலைக்கு நடந்து போய்வருவதற்காகத்தான் நடைபாதை. 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்ற பொருளில் அறிக்கைக்குத் தலைப்பு வைத்தார்கள். அந்தப் பெண்கள்தான் அடுத்த வருடம் மகிளா மிலன் ஆனார்கள். அற்புதத்தின் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் கூடச் சேர்ந்தது. தினமும் கொஞ்சம் சேமித்தார்கள். முழு அளவில் மாதிரி வீடு கட்டி, உள்ளே போய் நின்று பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று தீர்மானித்தார்கள்.

ஒரு இன்ஜினியராக எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் கட்டிய கழிப்பறைகள். 1999-லிருந்து புனேயில் மாநகராட்சியோடு சேர்ந்து நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி வாசல். பெரியவர்கள் வரிசையில் நெட்டித் தள்ளப்படும் குழந்தைகளுக்குத் தனியாகச் சின்ன அளவில். பல இடங்களில் மேலேயே பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க ஓர் அறை. கழிப்பறை கட்டுவது சுலபம், மூன்றாம் மாதம் அது நாறாமல் இருக்க வேண்டுமே. மேலே குடியிருப்பவருக்கு நாறினால் கீழே சுத்தமாகும். இதைவிட நல்ல வடிவமைப்பை நான் எந்தத் தொழில்நுட்பக் கருத்தரங்கிலும் பார்த்ததில்லை. கூடவே, அந்தக் குடும்பத்துக்கு ஒரு கதவு.

எல்லாமே வெற்றிக்கதை இல்லை. ரயில்பாதை ஓரத்து மக்களை அப்புறப்படுத்தும் திட்டத்தில் அரசோடும் உலக வங்கியோடும் கைகோத்ததற்காக அற்புதம் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். அதில் நியாயம் இருக்கிறது. நாமே எடுத்த கணக்கானாலும், எடுத்தவுடன் விட்டுப்போனவர்கள் என்று ஒரு கூட்டம் உருவாகிவிடும். இருந்தாலும், கையில் பட்டியலே இல்லாமல் புல்டோசர் முன்னால் நின்ற 1976-ஐப் பார்த்த மனிதரை நான் குறை சொல்லத் தயங்குகிறேன். மகசேசே விருது, பத்மஸ்ரீ எல்லாம் வந்தது. 2018-ல் இறந்தார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். நகரங்களில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல். சித்தப்பா அதில் இருந்திருக்க மாட்டார். ரேஷன் கார்டில் பேர் ஊரில் இருந்தது. படுத்த இடத்துக்குக் கூரையும் இருந்தது.

போன வருடம் கண் பரிசோதனைக்காக அவரை பெங்களூருக்கு அழைத்து வந்தேன். திரும்பும் வழியில் ஒரு அடுக்குமாடியைக் காட்டி, "இங்க எட்டு மாசம் இருந்தேன்" என்றார். வண்டியை நிறுத்தி கேட்டருகே போனோம். காவலாளி பதிவேட்டை நீட்டி எந்த வீடு என்று கேட்டார்.

"ரெண்டாவது மாடி" என்றார் சித்தப்பா.

"நம்பர்?"

"அப்ப நம்பர் போடலயே" என்றார்.